நொச்சிக்குப்பம் கடலும் ஜெல்லி மீன்களும்: நாம் அறிய வேண்டியவை

மயிலாப்பூர், இராயப்பேட்டை, திருவல்லிக்கேணி பகுதிகளில் வசிக்கும் நம் குடும்பங்கள் பலவற்றுக்கு, மீன் வாங்குவதென்றால் நொச்சிக்குப்பம்தான். மெரினா லூப் சாலையை ஒட்டியுள்ள இந்த மீனவக் குப்பத்தில் 2024 ஆகஸ்டில் நவீன மீன் அங்காடியும் திறக்கப்பட்டது. வஞ்சிரத்துக்கும் சங்கராவுக்கும் பேரம் பேசி வாங்குகிறோம். ஆனால் அந்த மீன் எதைத் தின்று வளர்ந்தது, அது வாழ்ந்த கடல் எப்படி இருக்கிறது என்பதை நாம் பெரும்பாலும் கேட்பதில்லை. இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால், கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிரிகளிடமும், கண்ணாடி போன்ற ஜெல்லி மீன்களிடமும் போய் நிற்போம்.

மிதவை உயிரிகள்: கடலின் முதல் உணவு

நீரோட்டத்தை எதிர்த்து நீந்தும் வலுவில்லாமல் அதன் போக்கில் மிதக்கும் உயிரிகளைப் பிளாங்க்டன் என்பர். 1887-இல் ஜெர்மானிய அறிஞர் விக்டர் ஹென்சன் இப்பெயரைச் சூட்டினார். இவற்றில் இரு வகை உண்டு. சூரிய ஒளியில் தாமே உணவு தயாரிப்பவை தாவர மிதவைகள். அவற்றைத் தின்று வாழ்பவை விலங்கு மிதவைகள். உலகில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழ பாதி, கடலில் உள்ள இந்தத் தாவர மிதவைகளால்தான் நடக்கிறது.

சாளையும் நெத்திலியும் மிதவை உயிரிகளைத் தின்கின்றன. அந்தச் சிறு மீன்களை வஞ்சிரம் தின்கிறது. வஞ்சிரம் நம் சட்டிக்கு வருகிறது. ஆகவே அடித்தட்டில் ஏற்படும் மாற்றம் மேல்தட்டில் மீன் விலையாகத் தெரியும்.

ஜெல்லி மீன் மீனல்ல

தமிழில் சொறிமீன், இழுதுமீன் என்றும் அழைக்கப்படும் ஜெல்லி மீனுக்கு முதுகெலும்பு இல்லை, செவுள் இல்லை, மூளையும் இல்லை. உடலில் 95 விழுக்காட்டுக்கு மேல் நீர்தான். அதன் உணர்கொடுக்குகளில் நுண்ணிய கொட்டும் செல்கள் உள்ளன. அவற்றால் இரையை மரக்கச் செய்து பிடிக்கிறது. பெரிய ஜெல்லி மீன்களும்கூட நீரோட்டத்தின் போக்கிலேயே செல்வதால், அறிவியல் அவற்றையும் மிதவை உயிரிகளாகவே கணக்கிடுகிறது.

பெயரில் மட்டும்தான் மீன் என்பதால், உண்பது பற்றிய சட்டத்திலும் இது வேறுபடுகிறது. ஹனஃபி மத்ஹபில் கடல்வாழ் உயிரினங்களில் மீன் மட்டுமே ஆகுமானது. ஷாஃபி மத்ஹபில் வரம்பு விரிவானது. எனினும் நஞ்சுள்ளதும் உடலுக்குத் தீங்கானதும் கூடாது. நம் நாட்டில் பிடிக்கப்படும் சில வகைகள் உப்பும் படிகாரமும் இட்டுப் பதப்படுத்தப்பட்டு, கிழக்காசிய நாடுகளுக்கு ஏற்றுமதியாகின்றன.

நம் கரையில் கண்டவை

சென்னைக்குத் தெற்கே கல்பாக்கம் அணுமின் நிலையம், குளிர்விப்புக்காகக் கடல்நீரை உறிஞ்சுகிறது. அந்த நீரோடு ஜெல்லி மீன்களும் கூட்டமாக உள்ளே வந்து சல்லடைகளை அடைப்பதை ஆய்வாளர்கள் பதிவுசெய்து, 2000-ஆம் ஆண்டு ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் வெளியிட்டனர்.

2019 ஆகஸ்ட் 18 இரவு, திருவான்மியூர், பெசன்ட் நகர் கரைகளில் அலைகள் நீலமாக ஒளிர்ந்தன. மக்கள் கூட்டமாகச் சென்று ரசித்தார்கள். அந்த ஒளிக்குக் காரணம் நாக்டிலூகா என்ற மிதவை உயிரி. அதே ஆண்டு செப்டம்பரில் மன்னார் வளைகுடாவில் இதே உயிரி பெருகியபோது, பாம்பன், மண்டபம் பகுதியில் கடல் பச்சையாகி மீன்கள் செத்து ஒதுங்கின. மிதவைகள் பெருந்திரளாக மடிந்து அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. கண்ணுக்கு அழகானது எல்லாம் கடலுக்கு நலமானதல்ல என்பதற்கு இது சான்று.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின், பெசன்ட் நகர் கரையில் நீல டிராகன் எனப்படும் சிறிய கடல் நத்தையினங்கள் ஒதுங்கின. நீலப் புட்டி போன்ற கொட்டும் உயிரிகளைத் தின்று, அவற்றின் நஞ்சையே சேமித்துவைக்கும் உயிரினம் இது.

ஏன் பெருகுகின்றன?

முதற்காரணம் கழிவுநீர். நொச்சிக்குப்பத்துக்கு வடக்கே கூவமும் தெற்கே அடையாறும் கடலில் கலக்கின்றன. அவை சுமந்து வரும் நைட்ரஜனும் பாஸ்பரசும் மிதவைகளுக்கு உரமாகின்றன. ஆக்சிஜன் குறைந்த நீரில் மீன் திணறும். ஜெல்லி மீன் பல நேரம் தாக்குப்பிடிக்கும்.

இரண்டாவது வெப்பம். 1951 முதல் 2015 வரை வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு ஏறத்தாழ 1 டிகிரி செல்சியஸ் சூடாகியுள்ளது என்கிறது 2020-இல் வெளிவந்த இந்திய அரசின் அறிக்கை. மேல்நீர் சூடானால் அடியிலுள்ள சத்துநீர் மேலே கலப்பது குறையும். வங்கக் கடலில் ஆற்றுநீரும் மழைநீரும் மேலே படர்ந்து ஏற்கெனவே அந்தக் கலப்பைத் தடுக்கின்றன.

மூன்றாவது அளவுமீறிய மீன்பிடி. மீன் குறைந்தால் ஜெல்லி மீனின் போட்டியாளர்கள் குறைகின்றனர். அதைத் தின்னும் கடலாமைகளும் இழுவைமடிகளில் சிக்கி மடிகின்றன. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் இறந்து ஒதுங்கியதை நாம் மறந்திருக்க மாட்டோம்.

நான்காவது கட்டுமானம். ஜெல்லி மீனின் குஞ்சுகள் கெட்டியான பரப்பில் ஒட்டி வளர்ந்து, பருவம் வந்ததும் பிரிந்து மிதக்கின்றன. அலைதடுப்புக் கற்களும் துறைமுகச் சுவர்களும் அவற்றுக்கு இடம் தருகின்றன.

எனினும் உலகெங்கும் ஜெல்லி மீன் ஓயாது பெருகுகிறது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. சுமார் 20 ஆண்டுச் சுழற்சியில் அவை கூடிக் குறைவதாக 2013-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. கரையில் ஒருநாள் கண்ட கூட்டத்துக்கு நீரோட்டமும் காற்றும்கூடக் காரணமாகலாம்.

யாருக்கு இழப்பு?

முதல் இழப்பு மீனவருக்கு. வலையில் ஜெல்லி மீன் ஏறினால் வலை கனக்கும், கிழியும், பிடித்த மீன் நசுங்கும், கை எரியும். டீசல் செலவு மட்டும் குறையாது. அடுத்த இழப்பு மீன்வளத்துக்கு. ஜெல்லி மீன்கள் மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்கின்றன. 1980-களில் கப்பல்களின் அடிநீரோடு கருங்கடலுக்கு வந்த சீப்பு ஜெல்லி, அளவுமீறிய மீன்பிடியோடு சேர்ந்து அங்கே நெத்திலி மீன்பிடியையே குலைத்தது.

கரைக்குச் செல்வோர் கவனத்துக்கு

• கரையில் கிடக்கும் ஜெல்லி மீனையோ நீல நிறப் பையையோ குழந்தைகள் தொட விடாதீர்கள். செத்ததும் கொட்டும்.

• கொட்டினால் கடல்நீரால் கழுவுங்கள். மணலால் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீரில் உடனே கழுவாதீர்கள்.

• ஒட்டிய இழைகளை இடுக்கியால் எடுத்தபின், தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் வையுங்கள்.

• சிறுநீர் ஊற்றுவதால் பயனில்லை.

• மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, முகவீக்கம் இருந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கடலைக் காப்பது மீனவரின் பொறுப்பு மட்டுமல்ல. நம் வீட்டுச் சோப்புநீரும் கழிவும்தான் வாய்க்கால் வழியே அடையாற்றில் சேர்ந்து, நொச்சிக்குப்பத்து வலைகள் விழும் நீருக்கே போகின்றன. நம் தெருவின் கழிவுநீர் சுத்திகரிக்கப்படுகிறதா, மழைநீர் வடிகாலில் கலக்கிறதா என்று மஹல்லா அளவில் விசாரித்து மாநகராட்சியிடம் கேட்பது, இன்றே நாம் தொடங்கக்கூடிய வேலை.