அயல்மண்ணில் உருவான தாயகக் காட்சி

1814இல் டென்மார்க்கிடமிருந்து பிரிந்து தனக்கென அரசியலமைப்பை வகுத்துக்கொண்ட நார்வே, அவ்வாண்டிலேயே சுவீடனுடன் இணைக்கப்பட்டு, 1905 வரை சுவீடன் மன்னரின்கீழ் இருந்தது. இக்காலத்தில் நாட்டின் தனித்தன்மையைப் புலப்படுத்தும் பொறுப்பை நிலக்காட்சி ஓவியமும் ஏற்றது. அம்மரபின் முன்னோடியான யோகான் கிறிஸ்டியன் டால் (1788–1857), 1818 முதல் ஜெர்மானிய நகரான டிரெஸ்டனில் வாழ்ந்தவர். 1826இல் தொடங்கிப் பலமுறை தாயகம் சென்று மலைகளையும் அருவிகளையும் குறிப்போவியங்களாக்கித் திரும்பினார்.

டுசல்டார்ஃபில் பயின்ற ஹான்ஸ் கூடெ, அடோல்ஃப் டிடமண்ட் ஆகிய இருவரும் 1848இல் ஹார்டாங்கர் மணமக்களின் படகுப் பயணத்தை இணைந்து தீட்டினர். நிலம் கூடெயுடையது, மாந்தர் டிடமண்டுடையவர். 1825இல் தொடங்கிய அமெரிக்கக் குடிபெயர்வின் சுவடோ, வறுமையோ அதில் இல்லை, விழாக்கோலமே உண்டு.

தொலைவு தாயகத்தை ஒருமையுறக் காட்டியது. அங்கு வாழ்ந்தோரின் இடரை மறைக்கவும் செய்தது எனலாம்.