சுறாக்குட்டிகளின் தொட்டில்: அல்டாப்ரா தப்பிய கதை

சுறா என்றதும் நம் வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்குச் செய்து கொடுக்கும் புட்டு நினைவுக்கு வரும். சினிமா பார்த்து வளர்ந்தவர்களுக்கு வாய் நிறையப் பற்கள் நினைவுக்கு வரும். சுறாவும் ஒரு காலத்தில் குட்டியாக இருந்தது, அதற்கும் ஒளிந்து வளர ஓர் இடம் வேண்டும் என்பதை நாம் யோசிப்பதில்லை.

பவளப்பாறைகளில் வாழும் சுறாக்களில் பல, முட்டையிடாமல் குட்டி போடுபவை. துடுப்பு நுனி கறுத்த சிறிய சுறா ஒரு முறைக்கு 2 முதல் 4 குட்டிகள்தான் ஈனும். பிறந்த குட்டியின் வயிற்றில் தொப்புள் வடு இருக்கும். ஆறச் சில வாரங்கள் பிடிக்கும். தாய் பால் கொடுப்பதில்லை, காவல் இருப்பதுமில்லை. அவள் செய்யும் ஒரே உபகாரம், பெரிய மீன் நுழைய முடியாத ஆழமில்லாத நீரில் குட்டியை விட்டுச் செல்வதுதான். கண்டல் மரங்களின் வேர்களுக்கிடையே, முழங்கால் அளவுத் தண்ணீரில் அவை வளர்கின்றன. ஆண்டுதோறும் அதே இடத்தில் குட்டிகள் திரண்டு, பல மாதங்கள் தங்கினால்தான் அதை 'நாற்றங்கால்' என்று ஆராய்ச்சியாளர்கள் ஒப்புக்கொள்கிறார்கள்.

அப்படிப்பட்ட நீர்ப்பரப்பு உள்ள இடங்களில் ஒன்று இந்தியப் பெருங்கடலில் இருக்கும் அல்டாப்ரா. சீஷெல்ஸ் நாட்டைச் சேர்ந்தது. சுமார் 34 கிலோமீட்டர் நீளமுள்ள பவளத்தீவு வளையம், நடுவில் பெரிய காயல். வளையத்தின் நான்கு பெரிய தீவுகளில் ஒன்றின் பெயர் மலபார்! ஏற்றத்தின்போது கடல் வாய்க்கால்கள் வழியே காயலுக்குள் பாயும், இறக்கத்தில் பெரும்பகுதி வற்றிவிடும். அங்குள்ள சுறாக்களின் வாழ்க்கையை ஆராய்ந்து ஜே. டி. ஸ்டீவன்ஸ் எழுதிய கட்டுரையை 1984-ல் லண்டன் ராயல் சொசைட்டி வெளியிட்டது.

ஆனால் அதற்குப் பதினேழு ஆண்டுகள் முன்பே அந்த இடம் கைவிட்டுப் போயிருக்க வேண்டியது.

அல்டாப்ராவுக்காக முதலில் குரல் கொடுத்தவர்களில் டார்வினும் ஒருவர். மொரீஷியஸ், ரோட்ரிக்ஸ் தீவுகளின் பெரிய ஆமைகளை மாலுமிகள் தின்றே தீர்த்துவிட்டார்கள். மிச்சமிருக்கும் அல்டாப்ரா ஆமைகளையாவது காக்க வேண்டும் என்று 1874-ல் அவரும் சக அறிஞர்களும் மொரீஷியஸ் ஆளுநருக்கு மனு எழுதினார்கள்.

1965 நவம்பரில் பிரிட்டன், மொரீஷியஸிடமிருந்து சாகோஸ் தீவுகளையும் சீஷெல்ஸிடமிருந்து அல்டாப்ரா முதலியவற்றையும் பிரித்து, 'பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பிரதேசம்' என்று புதிதாக ஒன்றை உண்டாக்கியது. நோக்கம் ராணுவம். அல்டாப்ராவில் விமான தளம் அமைக்கத் திட்டம் தயாரானது.

ராயல் சொசைட்டி எதிர்த்தது. டேவிட் ஸ்டோடார்ட் என்ற புவியியலாளர் முன்னின்றார். டாம் டேலியல் என்ற எம்.பி. நாடாளுமன்றத்தில் கேள்வி மேல் கேள்வி கேட்டார். ஆமைகளைப் பற்றியும் பறக்க இயலாத ஒரு பறவையைப் பற்றியுமே பெரிதும் பேசப்பட்டது. 1967 நவம்பரில் பவுண்டின் மதிப்பு குறைக்கப்பட்டது. செலவைச் சுருக்க வேண்டியதாயிற்று. அதே மாதம் திட்டமும் கைவிடப்பட்டது. விஞ்ஞானிகளின் வாதம் பாதி, காலிக் கஜானா பாதி என்றுதான் சொல்ல வேண்டும். ஆமைக்குப் போட்ட வேலி, காயலில் வளரும் சுறாக்குட்டிக்கும் வேலியாயிற்று. 1976-ல் சீஷெல்ஸ் விடுதலை பெற்றபோது அல்டாப்ரா அதனிடம் திரும்பியது. 1982-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது.

இதோடு நிறுத்தினால் கதை இனிமையாக முடியும். ஆனால் அதே பிரதேசத்தில்தான் சாகோஸ் தீவுகளும் இருந்தன. அங்கு இருந்தவர்கள் மனிதர்கள்; தென்னந்தோப்புகளில் உழைத்த, ஆப்பிரிக்காவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததியினர். டியேகோ கார்சியாவில் அமெரிக்கத் தளம் வந்தது. 1973-க்குள் எல்லாத் தீவுகளிலிருந்தும் அவர்கள் அகற்றப்பட்டு, மொரீஷியஸிலும் சீஷெல்ஸிலும் இறக்கிவிடப்பட்டார்கள். 2010-ல் அந்தக் கடலையும் பாதுகாக்கப்பட்ட பகுதி என்று பிரிட்டன் அறிவித்தது. மொரீஷியஸின் உரிமைகளை மதிக்காமல் செய்தது அது என்று 2015-ல் சர்வதேச நடுவர் மன்றம் தீர்ப்பளித்தது.

சுறாக்குட்டிக்குத் தொட்டில் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கடலின் சமநிலைக்குச் சுறா அவசியம். ஆனால் ஆமைக்காக எழுந்த குரலில் கால்வாசியாவது அந்தத் தோப்புத் தொழிலாளர்களுக்காக அன்றே எழுந்திருக்கலாம். தாங்கள் பிறந்த மண்ணில் கடைசி நாட்களைக் கழிக்க வேண்டும் என்ற ஆசையோடு காத்திருந்து கண்மூடியவர்கள் அவர்களில் பலர். அந்த ஆசை எப்படிப்பட்டது என்று நம் வயதுக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.