நேலப்பட்டுக் கூழைக்கடாக்கள்

சென்னையிலிருந்து கூடூருக்குச் செல்லும் இருப்புப்பாதையில் சூலூர்ப்பேட்டையைத் தாண்டி வடக்கே சிறிது தூரம் போனால் தொரவாரிசத்திரம் என்ற சிற்றூர் வரும். அதனருகே நேலப்பட்டு என்ற கிராமத்தில், மழைக்காலத்தில் நிரம்பிக் கோடையில் வற்றும் சாதாரணமான பாசன ஏரி ஒன்று உண்டு. திருமலைக்கும் காளஹஸ்திக்கும் வருஷந்தோறும் தவறாமல் போய்வரும் தமிழ் யாத்திரிகர்களில் பெரும்பாலோர் அந்த ஏரியின் பெயரைக்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள்; ஆயினும், தென்னிந்தியாவில் கூழைக்கடாக்கள் கூட்டமாகக் கூடி முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் ஸ்தலங்களுள் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கது அது. நெடுங்காலம் நெல்லூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்த இந்தப் பிரதேசம், 2022 ஏப்ரலில் பழைய சித்தூர் ஜில்லாவின் ஒரு பகுதியோடு சேர்த்துப் புதிய திருப்பதி ஜில்லாவாக வகுக்கப்பட்டது. அந்தச் சித்தூர் ஜில்லாதானும் 1911-ல் வட ஆர்க்காடு, கடப்பை ஜில்லாக்களின் தாலுகாக்களைக் கொண்டு உண்டாக்கப்பட்டதே. சர்க்கார் எல்லைகள் இவ்வாறு அடிக்கடி மாறிவந்த நாட்டில், ஏரிகளும் அவற்றை நாடிவரும் பறவைகளுமாவது மாறாமல் இருந்தன என்று சொல்ல ஆசைதான். சரித்திரம் அப்படிச் சொல்ல இடம் கொடுக்கவில்லை.

கூழைக்கடா அழகான பறவை என்று யாரும் சொல்வதில்லை. பெருத்த உடலும், குட்டையான கால்களும், கீழலகின் அடியில் தொங்கும் பையுமாகத் தரையில் அது நடப்பதைப் பார்ப்பவருக்குச் சிரிப்பு வரும். அதே பறவை வெயில் ஏறியபின் இறக்கையை விரித்து, அசைக்காமலே வானில் வட்டமிட்டு உயரப் போவதைப் பார்த்தவர் அந்தச் சிரிப்பை உடனே மறந்துவிடுவார். மீனே அதன் ஆகாரம். ஐப்பசி மழையில் ஏரிகள் நிரம்பிய பின் வந்து, மரங்களின் உச்சியில் சுள்ளிகளை அடுக்கிக் கூடு கட்டி, பங்குனி வரையில் தங்கிக் குஞ்சுகளை வளர்க்கும். மனிதர் நடமாட்டத்துக்கு அது அஞ்சுவதில்லை என்பது இன்று நேற்றுக் கண்ட விஷயம் அன்று. சென்னைப் படையில் வைத்தியராக வந்து நெல்லூரிலும் சிலகாலம் உத்தியோகம் பார்த்த ஜெர்டன் என்ற ஆங்கிலேயர், 1862 முதல் 1864 வரையில் வெளியிட்ட இந்தியப் பறவைகள் பற்றிய தமது பெருநூலில், கர்நாடகச் சீமையில் தாம் நேரில் பார்த்த கூழைக்கடாக் குடியிருப்பு ஒன்றைப் பற்றி எழுதியிருக்கிறார். ஊரின் நடுவே, அதிக உயரமில்லாத மரங்களில் அவை கூடு வைத்திருந்தன. மக்கள் எந்நேரமும் பக்கத்தில் நடமாடுவதை அவை பொருட்படுத்தவில்லை. எத்தனையோ தலைமுறையாக இப்படித்தான் என்று ஊரார் அவரிடம் கூறினார்கள். அந்த ஊரின் பெயரை ஜெர்டன் குறிப்பிடாமல் விட்டதுதான் நமக்கு நஷ்டம்.

ஊர் நடுவில் கூடு வைத்து வாழும் பறவைக்கு ஊராரின் மனமே வேலி. அந்த வேலி எங்கெங்கு இருந்தது, எங்கெங்கு அழிந்தது என்பதைச் பழைய குறிப்புகளிலிருந்து ஒருவாறு அறியலாம். காம்ப்பெல் என்பவர் கடப்பை ஜில்லாவில், கூழைக்கடாக்களும் மஞ்சள்மூக்கு நாரைகளும் சேர்ந்து கூடு கட்டியிருந்த ஓர் இடத்தைப் பற்றிப் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் சஞ்சிகையில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதினார். அந்தக் குடியிருப்பு பின்னர் இல்லாமற் போயிற்று. 1946-ல் மேற்குக் கோதாவரி ஜில்லாவில் ஆரேடு என்னும் ஊரில் பெரிய குடியிருப்பு ஒன்றைக் கண்டு உலகுக்குத் தெரிவித்தவர் கே. கே. நீலகண்டன், கேரளத்துப் பறவை ஆர்வலர்கள் 'இந்துசூடன்' என்ற புனைபெயரால் இன்றும் நன்றியோடு நினைக்கும் ஆசிரியர் அவர். ஆரேடும் நிலைக்கவில்லை. கடலுக்கு அப்பால் பர்மாவில், சித்தாங் நதிக்கரைக் காட்டில் 1877-ல் ஓட்ஸ் என்பவர் கண்ட குடியிருப்போ, பறவைகளை எண்ணவே முடியாதபடி மைல் கணக்கில் பரவியிருந்தது. 1929 வாக்கில் ஆயிரக்கணக்கான பறவைகள் அங்கே இருந்ததாக ஸ்டூவர்ட் பேக்கர் எழுதினார். அதற்குப் பின் வந்த சில ஆண்டுகளில் அதுவும் மறைந்தது. வேட்டையால் மட்டும் இவை அழிந்தன என்று கூறிவிட முடியாது. கூட்டு மரம் வெட்டப்பட்டாலும், இரைதேடும் நீர்நிலை வற்றினாலும், குஞ்சுகளை எடுத்துத் தின்பவர்கள் இரண்டு மூன்று வருஷம் தொடர்ந்து வந்தாலும் போதும். கூட்டமாகக் கூடும் பறவை கூட்டமாகவே இடத்தைக் கைவிட்டுவிடும்.

நேலப்பட்டு தப்பியதற்குக் காரணம் என்ன? ஏரி நீருக்குள்ளேயே வளர்ந்து நிற்கும் நீர்க்கடம்பு மரங்களை முதலில் சொல்ல வேண்டும். ஏரி நிறைந்திருக்கும் வரையில் அந்த மரங்களைச் சுற்றி அகழி போலத் தண்ணீர் நிற்பதால் நரியும் பூனையும் நெருங்குவதில்லை. கூழைக்கடாவோடு நத்தைகுத்தி நாரை, வெள்ளை அரிவாள்மூக்கன், இராக்கொக்கு, நீர்க்காகம் ஆகியவையும் அங்கே குடும்பம் நடத்துகின்றன. இவ்வளவு பறவைகளின் எச்சமும் ஏரி நீரில் கலந்து, மதகு வழியே வயலுக்குப் பாயும்போது உரமாகிறது என்பதை ஏரிப் பாசனக்காரர்கள் நன்றாக அறிவார்கள். பறவையிடம் அன்பு, பாவ புண்ணியம் பற்றிய எண்ணம், நெல் விளைச்சலின் ஆதாயம் ஆகிய மூன்றும் எந்த விகிதத்தில் கலந்து இந்த வழக்கத்தை உண்டாக்கின என்று பிரித்துப் பார்ப்பது வீண்வேலை. கன்னட நாட்டில் கொக்கரெ பெள்ளூர் கிராமத்தார் இதே கூழைக்கடாக்களைப் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வரும் மகள் என்று சொல்வார்கள். அவை தங்கும் புளிய மரத்தின் காய்களைப் பறிக்காமல் விட்டுவிடுவதும் அவர்களுடைய வழக்கம். நமது வேடந்தாங்கலில் 1790-களின் பிற்பகுதியில் துரைமார் ஏரிப் பறவைகளைச் சுடத் தொடங்கியபோது, ஊரார் செங்கல்பட்டுக் கலெக்டர் பிளேஸிடம் முறையிட்டுத் தங்கள் பழைய பாத்தியதைக்கு எழுத்து மூலமான கௌல் வாங்கிக்கொண்டார்கள். 1858-ல் அதைப் புதுப்பித்தும் கொண்டார்கள். நேலப்பட்டில் அத்தகைய பத்திரம் எதுவும் இருந்ததாகச் சொல்வதற்கில்லை. எழுதாத வழக்கமே அங்கே போதுமானதாக இருந்தது.

சர்க்கார் சட்டம் பறவைகளின் பக்கம் திரும்பியது மிகவும் மெதுவாக. 1887-ல் காட்டுப் பறவைகளைக் காப்பதற்கென்று முதல் சட்டம் வந்தது. ஐரோப்பிய மாதர்களின் தொப்பிக்காகக் கொக்கின் இறகும் மீன்கொத்தி, பனங்காடை ஆகியவற்றின் தோலும் கப்பல் கப்பலாகப் போய்க்கொண்டிருந்ததைக் கண்டு, 1902-ல் இறகு ஏற்றுமதிக்குத் தடை விதித்தார்கள். 1912-ஆம் வருஷத்துச் சட்டத்தின் அட்டவணையைப் பார்த்தால், துரைமார் வேட்டையாட விரும்பிய வாத்து, கௌதாரி, காடை முதலியவையும், இறகு வியாபாரத்தில் விலைபோன சில பறவைகளும் இருக்கின்றன, கூழைக்கடா இல்லை. தின்னவும் உதவாத, தொப்பியில் செருகவும் ஆகாத பறவையைப் பற்றிச் சட்டம் எழுதியவர்களுக்கு நினைவே வரவில்லை. சுதந்திர இந்தியாவில் 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஏற்பட்ட பிறகுதான், 1976-ல் நேலப்பட்டு ஏரியும் அதைச் சூழ்ந்த புதர்க்காடும் சேர்ந்து சுமார் 459 ஹெக்டேர் பரப்பு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில் பழவேற்காடு ஏரியின் ஆந்திரப் பகுதியும், 1980-ல் தமிழ்நாட்டுப் பகுதியும் சரணாலயங்களாயின. உஸ்மானியா சர்வகலாசாலையைச் சேர்ந்த நாகுலு, ரமணராவ் ஆகிய இருவரும் தென்னிந்தியக் கூழைக்கடாக் குடியிருப்புகளை ஆராய்ந்து 1983-ல் வெளியிட்ட குறிப்பு, நேலப்பட்டின் பெருமையைப் பறவை ஆராய்ச்சியாளர்களுக்குத் தெளிவாக்கியது.

இவ்வளவோடு விஷயம் முடிந்திருந்தால் இது ஒரு வெற்றிச் சரித்திரம். ஆனால் கூழைக்கடா நேலப்பட்டில் கூடு கட்டுகிறதே தவிர, நேலப்பட்டில் மட்டும் சாப்பிடுவதில்லை. தெற்கே சுமார் இருபது கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் பழவேற்காடு ஏரிக்குப் பறந்துபோய், அங்கே பிடித்த மீனைச் சுமந்துவந்து குஞ்சுக்கு ஊட்டுகிறது. ஆகவே நேலப்பட்டின் சரித்திரத்தைப் பழவேற்காட்டில்தான் தொடர்ந்து படிக்க வேண்டும்.

பழவேற்காடு நன்னீர் ஏரி அன்று; கடல்நீரும் ஆற்றுநீரும் கலக்கும் உப்பங்கழி. ஒரிஸ்ஸாவின் சிலிகாவுக்கு அடுத்தபடி இந்தியாவில் பெரியது. பருவத்துக்கு ஏற்ப 250 சதுர கிலோமீட்டர் முதல் 460 சதுர கிலோமீட்டர் வரையில் சுருங்கியும் விரிந்தும் கிடக்கும் அதன் பெரும்பகுதி ஆந்திர எல்லைக்குள் இருக்கிறது. சித்தூர் ஜில்லாவின் மலைகளில் பிறந்து பிச்சாட்டூர் வழியே தமிழ்நாட்டுக்குள் இறங்கும் ஆரணியாறு தெற்கே இதில் கலக்கிறது. சூலூர்ப்பேட்டையைத் தொட்டுக்கொண்டு வரும் காளிங்கி வடபகுதியில் கலக்கிறது. 1613-ல் டச்சுக்காரர் இதன் கரையில் கெல்திரியாக் கோட்டையைக் கட்டினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் படகுப் போக்குவரத்துக்காக வெட்டப்பட்டு 1878-ல் பக்கிங்ஹாம் என்று பெயர் சூட்டப்பெற்ற கால்வாய் இதனூடே செல்கிறது. இவற்றால் எல்லாம் ஏரிக்குப் பெரிய கெடுதல் உண்டானதாகச் சொல்ல முடியாது. பறவைகளும் செம்படவர்களும் ஒரே ஆழமற்ற நீரில் ஒரே மீனைப் பங்கிட்டுக்கொண்டு காலம் தள்ளினார்கள்.

ஏரிக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் ஸ்ரீஹரிக்கோட்டைத் தீவை 1969-ல் ராக்கெட் ஏவுதளத்துக்காகத் தேர்ந்தெடுத்தார்கள். 1971 அக்டோபர் 9-ஆம் தேதி முதல் ராக்கெட் அங்கிருந்து மேலெழுந்தது. அந்தத் தீவில் தலைமுறை தலைமுறையாகக் காட்டை நம்பி வாழ்ந்துவந்த யானாதிகளின் வாழ்வு கலைந்தது என்பதை மறக்கலாகாது. எனினும் வெளியார் நுழையத் தடை ஏற்பட்டதால், கீழ்க்கரையில் வேறெங்கும் காண அரிதாகிவிட்ட உலர்ந்த பசுமைமாறாக் காடு அங்கே கோடாலிக்குத் தப்பி நிற்கிறது. கெடுதல் வந்தது வேறு வழியில். சூலூர்ப்பேட்டையிலிருந்து தீவுக்குப் போவதற்காக ஏரியின் குறுக்கே மண்ணைக் கொட்டி எழுப்பிய நீண்ட சாலை, ஏரியை வடக்கு தெற்கு என இரண்டாக வகுத்துவிட்டது. நடுநடுவே சிறு பாலங்கள் இருந்தும், கடல்நீர் முன்போல வடபகுதிக்குத் தாராளமாகச் சென்று திரும்ப முடியவில்லை. ஆறுகள் கொண்டுவரும் வண்டல் படிந்து படிந்து தரை உயர்ந்தது. கடலோடு ஏரியை இணைக்கும் முகத்துவாரங்களும் மணலடித்துத் தூர்ந்தன. மழை குறைந்த ஆண்டுகளில் வடபகுதியில் உப்புப் பூத்த வெளி கண்ணுக்கெட்டிய மட்டும் தெரியும். மீன் இல்லாத இடத்தில் கூழைக்கடாவுக்கு வேலை இல்லை.

இதற்கு மேல் 1990-களில் இறால் பண்ணைகள் வந்து சேர்ந்தன. நெல் விளைந்த நிலத்தைத் தோண்டி உப்புநீரை நிரப்பி, தீவனமும் மருந்தும் கொட்டி, கழிவை வாய்க்காலில் விட்ட அந்தத் தொழிலை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரையில் சென்றவர் தமிழ்நாட்டுச் சர்வோதயத் தொண்டர் எஸ். ஜெகந்நாதன். 1996 டிசம்பரில் நீதிபதி குல்தீப் சிங் தலைமையில் வழங்கப்பட்ட தீர்ப்பு, சிலிகா ஏரியையும் பழவேற்காடு ஏரியையும் சுற்றி 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணைகள் கூடாது என்று விதித்தது. அந்த விதியில் நேலப்பட்டுச் சரணாலயத்தையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. நாட்டின் மிக உயர்ந்த நியாயஸ்தலம் ஒரு சிற்றூர் ஏரியின் பறவைகளை இப்படி நினைவில் வைத்தது சாமானியமான காரியம் அன்று. ஆனால் பின்னர் 2005-ல் பார்லிமெண்ட் இயற்றிய கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புச் சட்டம், அத்தொழிலுக்கு லைசென்ஸ் கொடுத்து ஒழுங்குபடுத்தும் மார்க்கத்தையே மேற்கொண்டது.

இங்கே அடுத்த ஜில்லாவின் கதை ஒன்றையும் சொல்ல வேண்டும். ஏனெனில் அதில் சென்னைவாசிகளுக்கும் பங்கு உண்டு. ஜெர்டன் கண்டெடுத்து 1848-ல் விஞ்ஞான உலகம் பெயரிட்ட 'கலிவிகோடி' என்ற சிறு பறவை, 1900-க்குப் பின் ஒருவர் கண்ணிலும் படாமல், அழிந்தே போயிற்று என்று முடிவு கட்டப்பட்டிருந்தது. 1986 ஜனவரியில் கடப்பை ஜில்லாப் புதர்க்காட்டில் பம்பாய்ச் சங்கத்தைச் சேர்ந்த பரத் பூஷண் அதை மறுபடி கண்டுபிடித்தார். அந்தப் புதர்க்காட்டுக்கு வந்த அபாயங்களுள் ஒன்று, கிருஷ்ணை நீரைச் சென்னைக்கும் கொண்டுவரும் தெலுங்கு கங்கைத் திட்டத்தின் கால்வாய். ஆராய்ச்சியாளர்கள் முறையிட்டதன் பேரில் கால்வாயின் பாதையை மாற்றினார்கள். பறவைக்காகக் கால்வாயே வளைந்தது. பழவேற்காட்டுச் சாலை மட்டும் ஏன் இடம் கொடுக்கக் கூடாது என்பது நியாயமான கேள்வி.

2001 முதல், இடையிடையே சில ஆண்டுகள் நின்றும் தொடர்ந்தும், சூலூர்ப்பேட்டையில் பூநாரைத் திருவிழா நடத்தப்பட்டுவருகிறது. ஏரியில் காலூன்றி நிற்கும் இளஞ்சிவப்பு நிறப் பூநாரைகளைப் பார்க்கப் பள்ளிப் பிள்ளைகளை வண்டி வண்டியாக அழைத்துவருகிறார்கள். மேடையும் கலைநிகழ்ச்சியும் ஒலிபெருக்கியும் பறவைக்கு எவ்விதத்தில் உபகாரம் என்று கேட்பவர்கள் உண்டு; எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. ஆனாலும் தன் ஊரில் இருக்கும் பொருளைப் பார்க்கவாவது ஒரு பிள்ளையை அழைத்துச் செல்வதைக் குற்றம் சொல்ல மனம் வரவில்லை. கூட்டை மட்டும் வேலியிட்டுக் காத்துவிட்டு, இரை கிடைக்கும் நீரை விட்டுவிடும் பாதுகாப்பு பாதிப் பாதுகாப்பே. முகத்துவாரங்களைத் தூர்வாருவதும், சாலையின் அடியில் நீர் ஓட இப்போதுள்ளதைவிட அகலமான வழிகள் திறப்பதும் சர்க்காரின் கடமை. தை மாதத்தில் அங்கே செல்லும் தமிழ் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சாலையில் வண்டியை நிறுத்திப் பூநாரைகளைப் பார்த்துவிட்டு உடனே திரும்பிவிடாமல், சாலையின் மறுபக்கத்திலும் இறங்கி, அங்கே எவ்வளவு நீர் நிற்கிறது என்பதையும் பார்த்து வாருங்கள்.