கப்பலில் கிடைக்கும் உபசாரம்



ரஜூலா கப்பலில் வந்த கதையைச் சொல்லும் பெரியவர்கள் நம் தோட்டத்துக் குடும்பங்களில் இன்றும் சிலர் இருக்கிறார்கள். தகரப் பெட்டி, பாய், ஒரு மூட்டை. இவற்றுடன் தளத்தில் இடம் பிடித்து, அலையடிக்கும்போது தலையைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் அவர்கள். இன்றோ, பத்து மாடிக் கட்டடம் போன்ற உல்லாசக் கப்பல்களில் பயணம் செய்பவர்கள், "முன்பு நாளுக்கு இரண்டு முறை அறையைச் சுத்தம் செய்தார்கள், இப்போது ஒரு முறைதான்" என்று குறைப்படுகிறார்கள். இந்த இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு உண்டு. கப்பலில் பயணிக்குக் கிடைக்கும் வசதி எங்கிருந்து வருகிறது, ஏன் குறைகிறது என்பதைத்தான் இன்று நாம் பார்க்கப் போகிறோம்.

முதலில் ரஜூலாவையே எடுத்துக்கொள்வோம். பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனிக்காக 1926இல் ஸ்காட்லாந்தில் கட்டப்பட்ட கப்பல் அது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று சென்று வந்தது. தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்றிச் செல்ல அதற்கு உரிமம் இருந்தது. மேல் வகுப்பில் சிலருக்கு அறை, கட்டில், மேசை விரிப்பு. மற்ற அனைவருக்கும் பலகைத் தளம். போருக்குப் பிறகு இந்த எண்ணிக்கை வெகுவாகக் குறைக்கப்பட்டது.

தளப் பயணிகளின் நிலைமை கம்பெனியின் மனமிரக்கத்தால் மட்டும் மாறிவிடவில்லை. இத்தகைய கப்பல்களின் பாதுகாப்புக்காக 1931இல் சிம்லாவில் விதிகள் வகுக்கப்பட்டன. 1971இல் ஓர் அனைத்துலக ஒப்பந்தமும், 1973இல் பயணிகளுக்கான இட அளவு பற்றிய இன்னோர் ஒப்பந்தமும் வந்தன. ஆனால் அதே 1973இல் ரஜூலா விற்கப்பட்டு, அடுத்த ஆண்டு உடைக்கப்பட்டது. அதன் வழித்தடத்தில் ஓடிய சிதம்பரம் கப்பலில் 1984 பிப்ரவரியில் தீப்பிடித்துப் பலர் மாண்டனர். அந்தக் கப்பலின் சேவையும் அத்துடன் முடிந்தது.

நம் முன்னோர்களில் பலருக்குப் பயணச் சீட்டு இலவசம் என்று கேட்டிருப்போம். அது யாருடைய தானமும் அன்று. 1907இல் ஏற்பட்ட சட்டத்தின்படி, வேலைக்கு வைத்திருக்கும் ஆட்களின் கணக்குக்கு ஏற்பத் தோட்ட முதலாளிகள் ஒரு நிதிக்குப் பணம் கட்டினார்கள். சீட்டுக்கான செலவு அந்த நிதியிலிருந்து வந்தது. தோட்டத்துக்கு ஆள் தேவைப்பட்டது. ஆகவே சீட்டு இலவசமாயிற்று. இதை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அட்லாண்டிக் கடலிலும் இதே கதைதான். ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவில் குடியேறச் சென்ற ஏழைகள் கப்பலின் அடித்தட்டில் நெருக்கியடித்துச் சென்றனர். 1921லும் 1924லும் அமெரிக்கா குடியேற்றத்தைச் சட்டத்தால் கட்டுப்படுத்தியது. அடித்தட்டு காலியாயிற்று. உடனே கம்பெனிகள் அதே இடத்துக்கு வண்ணம் பூசி, மேசை நாற்காலி போட்டு, 'சுற்றுலா மூன்றாம் வகுப்பு' என்று பெயர் சூட்டி, மாணவர்களையும் ஆசிரியர்களையும் வரவேற்றன. இடம் அதேதான்; ஆள் தேவைப்பட்டதும் உபசாரம் வந்தது.

உல்லாசப் பயணமும் இப்படிப் பிறந்ததே. குளிர்காலத்தில் அட்லாண்டிக்கைக் கடக்க ஆட்கள் குறைவு. கப்பல் சும்மா கிடந்தால் நஷ்டம். ஆகவே ஆல்பர்ட் பாலின் என்ற ஜெர்மானியர் 1891இல் தம் கம்பெனிக் கப்பலை மத்தியதரைக் கடலுக்கு உல்லாசப் பயணமாக அனுப்பினார். பிறகு 1958இல் ஜெட் விமானங்கள் அட்லாண்டிக்கைக் கடக்கத் தொடங்கின. ஊர் போய்ச் சேர யாருக்கும் கப்பல் தேவையில்லாமற் போயிற்று. 1966இல் மயாமியிலிருந்து சன்வார்டு என்ற கப்பல் புறப்பட்டது. 1972இல் கார்னிவல் கம்பெனி தோன்றியது. பயணமே இன்பம் என்பதுதான் இவர்கள் விற்ற சரக்கு.

ஒரு முறை வந்தவரை மறுபடியும் வரவழைப்பது எப்படி? 1981இல் அமெரிக்க விமானக் கம்பெனி ஒன்று, பறந்த தூரத்துக்குப் புள்ளி கொடுத்துச் சலுகை வழங்கியது. கப்பல்களிலும் எத்தனை இரவு தங்கினீர்கள் என்று கணக்கிட்டு வெள்ளி, தங்கம், வைரம் என்று படிகள் வைத்தார்கள். படி ஏற ஏற இலவசச் சலவை, பானம், வரிசையில் முன்னிடம் என்று மரியாதை கூடும்.

ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல மேல்படியில் கூட்டம் சேர்ந்துவிட்டது. எல்லோருமே முன்வரிசை என்றால் பின்வரிசை எது? அத்துடன் 2020இல் கொரோனா நோயால் கப்பல்கள் நின்றன. கம்பெனிகள் பெருங்கடனில் மூழ்கின. பயணிகள் திரும்பி வந்தபோது செலவைக் குறைக்கத் தொடங்கினார்கள். 2023 ஜனவரியில் நார்வீஜியன் கம்பெனி பெரும்பாலான அறைகளுக்கு நாளுக்கு ஒரு முறை மட்டுமே சேவை என்றது. 2025 ஜூனில் கார்னிவல், தங்கிய நாட்களை விட்டுச் செலவிட்ட பணத்தைக் கணக்கிடும் புதிய முறையை அறிவித்தது. பல ஆண்டுகள் விசுவாசமாக வந்தவர்கள் மனம் புண்பட்டார்கள். கெந்திங் குழுமத்தில் 1993இல் பிறந்து நம் கிள்ளான் துறைமுகத்திலிருந்தும் கப்பல் விட்ட நிறுவனமோ 2022இல் கலைப்புக்கே போயிற்று. கம்பெனியே போனால் தங்கப் படி என்ன, வைரப் படி என்ன?

இதில் பயணிகளின் மனக்குறை ஒரு பக்கம். அறையைச் சுத்தம் செய்பவரின் நிலை மறுபக்கம். அவர் பிலிப்பீன்ஸ், இந்தோனேசியா, இந்தியா போன்ற நாடுகளிலிருந்து குடும்பத்தைப் பிரிந்து வந்தவர். ஓர் அறையில் வேலை குறைந்தால் அவர் பொறுப்பில் வேறு அறைகளைச் சேர்ப்பது நிர்வாகத்துக்கு எளிது. ஒரு வெட்டுக்காரருக்கு மேலும் ஒரு நிரை மரம் கொடுப்பது போன்றது அது. அவருக்குக் காப்பாக இருப்பது 2006இல் வகுக்கப்பட்டு 2013இல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தம். நாளுக்குப் பத்து மணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்பது அதன் விதிகளில் ஒன்று.

நேயர்களே, சலுகை வேறு, உரிமை வேறு. ஆள் தேவைப்படும்போது சலுகை வரும். தேவை தீர்ந்ததும் போய்விடும். தோட்டத்திலும் நாம் இதைக் கண்டவர்கள்தாம். நிர்வாகம் மனமுவந்து கொடுத்தது அடுத்த துரை வந்ததும் நின்றுபோனதுண்டு. ஆனால் தொழிலாளர் குடியிருப்புக்கான குறைந்தபட்ச வசதிகள் பற்றி 1990இல் சட்டம் வந்த பிறகு, இல்லாததை இல்லை என்று கேட்க நமக்கு ஓர் ஏடு கிடைத்தது. தருவதை நன்றியோடு பெற்றுக்கொள்வோம். அது எழுத்தில் இருக்கிறதா என்றும் பார்ப்போம்.

உங்கள் வீட்டில் கப்பலில் வந்த பெரியவர் இருந்தால், தளத்தில் அவருக்கு என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை என்று கேட்டு, பிள்ளைகளை விட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். அதுவும் நம் வரலாறுதான்.