97 ரன்னுக்கு எத்தனை மார்க்?

வேலம்பாளையம் பக்கத்து பனியன் கம்பெனிகளில் பீஸ் ரேட் என்று ஒரு முறை உண்டு. எத்தனை பீஸ் தைத்தோமோ அத்தனைக்குக் கூலி. ஆனால் எல்லா பீசுக்கும் ஒரே ரேட் கிடையாது. சாதா பனியனுக்கு ஒரு ரேட், காலர் வைத்த டீ-ஷர்ட்டுக்கு வேறு ரேட். வேலை எவ்வளவு கஷ்டம் என்று பார்த்துத்தான் ரேட் பேசுவார்கள்.

கிரிக்கெட் ஸ்கோர் போர்டில் இந்த நியாயம் இல்லை. அங்கே எல்லா ரன்னும் ஒரே ரேட்தான்! அதனால்தான் ஒவ்வொரு வெற்றிக்குப் பிறகும் டீக்கடையில் அதே சண்டை... யாரால் ஜெயித்தோம்? யாருக்கு எத்தனை மார்க்?

இந்தச் சண்டைக்கு நம் ஊர்ப் பக்கம் மிகச் சிறந்த உதாரணம் 1975 ஜனவரியில் சென்னை சேப்பாக்கத்தில் நடந்த டெஸ்ட். கிளைவ் லாயிட் தலைமையில் வெஸ்ட் இண்டீஸ் அணி வந்திருந்தது. முதல் இரண்டு டெஸ்டிலும் இந்தியாவுக்குத் தோல்வி. கல்கத்தாவில் மூன்றாவது டெஸ்டை இந்தியா ஜெயித்தது. நான்காவது டெஸ்ட் ஜனவரி 11-ஆம் தேதி, பொங்கல் சமயத்தில் சென்னையில் தொடங்கியது. கவாஸ்கர் காயத்தால் ஆடவில்லை. கேப்டன் பட்டோடி.

முதல் இன்னிங்ஸில் ஆண்டி ராபர்ட்ஸின் வேகத்துக்கு முன்னால் இந்திய பேட்டிங் நொறுங்கியது. 64 ரன் கொடுத்து 7 விக்கெட் எடுத்தார். ஒரு பக்கம் விக்கெட் விழுந்துகொண்டே இருக்க, மறுபக்கம் குண்டப்பா விஸ்வநாத் மட்டும் நின்றார். இந்தியா 190 ரன்னுக்கு ஆல் அவுட் ஆனபோது அவர் 97 நாட் அவுட். அணியின் ரன்னில் பாதிக்கு மேல் ஒருவருடையது. சதத்துக்கு மூன்று ரன் இருக்கும்போது கூட ஆட ஆள் இல்லாமல் போனது.

வெஸ்ட் இண்டீஸ் 192 எடுத்தது. இரண்டே ரன் முன்னிலை! பிறகு இந்தியா 256. வெஸ்ட் இண்டீஸ் 154-க்குச் சுருண்டது. இந்தியாவுக்கு 100 ரன் வெற்றி, தொடர் 2-2 என்று சமம். (கடைசி டெஸ்டில் தோற்று 3-2 என்று தொடரை இழந்தது வேறு கதை.)

சரி, இந்த வெற்றி யாருடையது? விஸ்வநாத் என்பவர்கள் 97-ஐக் காட்டுவார்கள். அது இல்லாவிட்டால் முதல் நாளே ஆட்டம் கைவிட்டுப் போயிருக்கும். பிரசன்னா என்பவர்கள் அவருடைய 9 விக்கெட்டைக் காட்டுவார்கள். 190 ரன்னை வைத்துக்கொண்டு, எதிரணியைச் சுருட்ட ஆள் இல்லாமல் எப்படி ஜெயிப்பது? இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 12 விக்கெட் எடுத்த ராபர்ட்ஸோ தோற்ற அணியில் இருந்தார்!

இந்தத் தகராறைக் கணக்குப் போட்டுத் தீர்க்கலாம் என்று சிலர் நினைத்தார்கள். 1987-இல் இங்கிலாந்தின் முன்னாள் கேப்டன் டெட் டெக்ஸ்டரின் யோசனையில் வீரர்களுக்கு 1000 புள்ளிக்கு மார்க் போடும் முறை வந்தது. இன்றைய ஐசிசி ரேங்கிங் அதிலிருந்து வளர்ந்ததுதான். 2001-இல் 'விஸ்டன் 100' என்ற பட்டியல் வந்தது. எத்தனை ரன் என்பதோடு பந்துவீச்சின் பலம், பிட்ச், அணியின் ஸ்கோரில் அவர் பங்கு, ஆட்டத்தின் முடிவு எல்லாவற்றுக்கும் மார்க். முதலிடம் பிராட்மேனின் 270. விவிஎஸ் லக்ஷ்மணின் 281 ஆறாவது இடம். விஸ்வநாத்தின் 97-க்கு 38-வது இடம் கிடைத்தது. எத்தனையோ இரட்டைச் சதங்கள் அதற்குக் கீழே!

ஆனால் அதே பட்டியலில் சச்சினின் ஒரு இன்னிங்ஸ்கூட இல்லை. ரசிகர்கள் கொதித்தார்கள். 1999 ஜனவரியில் அதே சேப்பாக்கத்தில் பாகிஸ்தானுக்கு எதிராக 271 ரன்னைத் துரத்தியபோது, முதுகு வலியோடு சச்சின் 136 அடித்தார். அவர் அவுட் ஆனபோது வெற்றிக்கு இன்னும் 17 ரன் வேண்டும். இந்தியா 12 ரன்னில் தோற்றது. அன்று ஆட்ட நாயகன் விருது சச்சினுக்குத்தான். தோல்வி என்றாலும் ஒரு நடுவர் குழு முதல் மார்க் கொடுத்த ஆட்டம், வெற்றிக்கும் எடை போடும் கணக்கில் முதல் நூறுக்குள் வரவில்லை.

இது நம் ஊர் வியாதி மட்டுமல்ல. ஆஸ்திரேலியாவின் ஆஸி ரூல்ஸ் கால்பந்தில் 1924 முதல் பிரவுன்லோ பதக்கம் கொடுக்கிறார்கள். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் நடுவர்களே சிறந்த மூவருக்கு 3, 2, 1 என்று ஓட்டுப் போடுவார்கள். அங்கேயும் ரசிகர்கள் சண்டை ஓயவில்லை.

2001 மார்ச்சில் சேப்பாக்கத்திலேயே இன்னொரு பாடம். ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 155 ரன் தேவை. இந்தியா 2 விக்கெட்டில் ஜெயித்தது. 15 விக்கெட் எடுத்த ஹர்பஜன் நாயகன், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் கடைசிவரை நின்ற விக்கெட் கீப்பர் சமீர் திகேயின் 22 நாட் அவுட்? வெறும் 22. அது இல்லாவிட்டால் அந்த 15 விக்கெட்டும் தோல்விக் கணக்கில் போயிருக்கும்.

ஆக, மார்க் போடுவது தப்பில்லை. எந்த ரேட்டில் போடுகிறோம் என்று முதலில் சொல்லிவிட வேண்டும். ரேட் பேசாமல் பீஸை மட்டும் எண்ணினால் சனிக்கிழமை சம்பளத்தன்று சண்டைதான் வரும். விஸ்வநாத்தின் 97 சதம் இல்லை என்பது ஸ்கோர் போர்டு கணக்கு. அன்று சேப்பாக்கத்தில் ராபர்ட்ஸின் பந்து வந்த வேகத்தைப் பார்த்தவர்கள் போட்ட ரேட் வேறு.