ஐந்து விடைத்தாள், ஒரே விடை

பரீட்சை முடிந்து வெளியே வந்ததும் செய்யக்கூடாத வேலை ஒன்று உண்டு. எல்லோரும் அதைத்தான் முதலில் செய்வோம். "அந்தப் பத்து மார்க் கணக்குக்கு உனக்கு என்னடா வந்துச்சு?"

பிசினஸ் மேத்ஸ் எழுதிவிட்டு நாங்கள் ஐந்து பேர் மரத்தடியில் நின்றோம். எத்தனை யூனிட் தயாரித்தால் லாபம் அதிகபட்சம் என்ற வகை நுண்கணிதக் கேள்வி. மூன்று பேருக்கு 40, ஒருவனுக்கு 45, எனக்கு மைனஸில் வந்திருந்தது. (உற்பத்தியே மைனஸ். கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான் :-)) அரை மணி நேரம் சண்டை போட்டோம். ஆனால் "எப்படிப் போட்ட?" என்று ஒருத்தனும் இன்னொருத்தனைக் கேட்கவில்லை.

நம்மைவிடப் பெரிய ஆட்கள் இதே மாதிரி விடையை ஒப்பிட்டுப் பார்த்த கதை ஒன்று இருக்கிறது. அங்கே எல்லோருக்கும் ஒரே விடைதான் வந்தது. பிரச்னையே அதற்கப்புறம்தான்.

1696 ஜூன் மாதம். லைப்சிக் நகரிலிருந்து வந்த 'ஆக்டா எருடிடோரம்' என்ற இதழில் யோகான் பெர்னூலி ஒரு கேள்வி போட்டார். அப்போது அவர் ஹாலந்தில் குரோனிங்கன் நகரில் பேராசிரியர். கேள்வி இதுதான்: மேலே ஒரு புள்ளி, கீழே கொஞ்சம் தள்ளி இன்னொரு புள்ளி. ஒரு குண்டு தன் எடையால் மட்டும் மேலிருந்து கீழே உருண்டு வர வேண்டும். எந்தப் பாதை போட்டால் சீக்கிரம் வந்து சேரும்?

நேர்கோடு என்று சொல்லத் தோன்றும். தூரம் குறைவு, உண்மைதான். ஆனால் ஆரம்பத்திலேயே செங்குத்தாக இறங்கினால் குண்டுக்கு முதலிலேயே வேகம் பிடித்துவிடும். தூரம் கூடினாலும் நேரம் மிச்சம். நேர்கோட்டை விட வட்டவில் வேகமானது என்று கலிலியோவே 1638-ல் எழுதிவிட்டார். ஆனால் எல்லாவற்றிலும் வேகமானது எது?

நம் லாபக் கணக்கும் இதுவும் ஒரே ஜாதி போலத் தெரியும். இல்லை. நம் கணக்கில் தேடுவது ஒரு எண்ணை. இங்கே தேடுவது ஒரு முழு வளைவை. வகைக்கெழு எடுத்துப் பூஜ்யத்துக்குச் சமன் செய் என்ற நம்ம மந்திரம் இங்கே அப்படியே பலிக்காது.

யோகான் ஆறு மாதம் கெடு கொடுத்தார். லைப்னிட்ஸ் தான் போட்டு முடித்துவிட்டு, மற்ற நாட்டுக்காரர்களுக்கும் அவகாசம் கொடுங்கள் என்று கேட்டதால் கெடு 1697 ஈஸ்டர் வரை தள்ளிப்போனது. (பரீட்சையைத் தள்ளிவைக்கச் சொல்லிக் கேட்ட முதல் ரேங்க் மாணவர் இவராகத்தான் இருக்கும்.) கேள்வியைத் தனித் தாளாக அச்சடித்து இங்கிலாந்துக்கும் அனுப்பினார்கள்.

நியூட்டன் அப்போது லண்டன் நாணயச்சாலையில் அதிகாரி. ஓரம் வெட்டிய பழைய வெள்ளிக் காசுகளையெல்லாம் திரும்ப வாங்கி உருக்கிப் புதுக்காசு அடிக்கும் பெரிய வேலை நடந்துகொண்டிருந்தது. 1697 ஜனவரி 29 அன்று மாலை நாலு மணிக்குக் களைத்துப் போய் வீடு திரும்பியவர், கேள்வியைப் பார்த்ததும் உட்கார்ந்து விடியற்காலை நாலு மணிக்குள் முடித்துவிட்டார் என்று அவருடைய மருமகள் காதரின் பார்ட்டன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். விடை பெயரில்லாமல் வெளியானது. அதைப் பார்த்த யோகான், நகத்தைப் பார்த்தாலே சிங்கம் எதுவென்று தெரிகிறது என்றாராம்.

1697 மே மாத இதழில் ஐந்து விடைகள் அச்சாயின. யோகானுடையது, அவர் அண்ணன் யாக்கோப் பெர்னூலியுடையது, லோபிதால், சிர்ன்ஹவுஸ், பெயர் போடாத அந்த ஆங்கிலேயர். லைப்னிட்ஸ் தன்னுடையதை அச்சிடவில்லை. அத்தனை பேருக்கும் ஒரே விடை: சைக்கிளாய்டு. சைக்கிள் டயரில் ஒரு சுண்ணாம்புப் புள்ளி வைத்து உருட்டினால் அந்தப் புள்ளி காற்றில் போடும் வளைவு. அதைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டால் போதும்.

இனி ஸ்டெப் மார்க்குக்கு வருவோம். நியூட்டன் அந்த வளைவை எப்படி வரைவது என்று மட்டும் எழுதியிருந்தார், நிரூபணம் கிடையாது. லோபிதாலும் முடிவை மட்டும் கொடுத்திருந்தார். நம்ம பல்கலைக்கழகமாக இருந்தால் நியூட்டனுக்குப் பத்துக்கு இரண்டு.

யோகானின் வழி ரொம்ப அழகு. தண்ணீருக்குள் போகும் ஒளி வளைவது ஏன்? சீக்கிரம் போய்ச் சேரும் பாதையைத்தான் ஒளி எடுக்கும் என்றார் ஃபெர்மா. குண்டு இறங்க இறங்க வேகம் கூடுவதை, ஒளி அடுக்கடுக்கான ஊடகங்களில் வேகமெடுப்பது போல நினைத்துக்கொண்டு சில வரிகளில் சைக்கிளாய்டைப் பிடித்துவிட்டார். யாக்கோபின் விடை நீளம், கரடுமுரடு. முழுப் பாதையும் வேகமானது என்றால் அதில் எந்தச் சின்னத் துண்டை எடுத்தாலும் அதுவும் வேகமானதாகத்தான் இருக்க வேண்டும். அந்தத் துண்டைக் கொஞ்சம் நகர்த்திப் பார் என்று ஆரம்பித்தார்.

தம்பியின் வித்தை இந்த ஒரு கணக்குக்குப் பொருந்தும். அண்ணனின் வழி வேறு கணக்குகளுக்கும் போகும். இது யாக்கோபுக்கும் தெரிந்திருந்தது. அதே 1697-ல், கொடுத்த நீளத்துக்குள் இன்ன வளைவைக் கண்டுபிடி என்று இன்னும் கடினமான கேள்வி ஒன்றைப் பரிசுத்தொகையோடு தம்பிக்கே திருப்பி வீசினார். யோகான் அவசரமாக விடை சொன்னார். தப்பு. அண்ணன் அதை ஊரறியச் சுட்டிக்காட்டினார். யோகானுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்ததே இந்த அண்ணன்தான், பன்னிரண்டு வயது மூத்தவர். பிறகு கடைசிவரை அவர்களுக்குள் சரியாகவில்லை.

1705-ல் யாக்கோப் இறந்தார். பாசல் பல்கலைக்கழகத்தில் அவருடைய இடத்துக்கு யோகான் வந்தார். 1718-ல் அந்தப் பழைய கணக்கைத் திருத்தி வெளியிட்டபோது பயன்படுத்தியது அண்ணன் வழியைத்தான். யோகானிடம் பாசலில் படித்த ஆய்லர், 1744-ல் இந்த மாதிரி வளைவுகளைத் தேடும் முறை பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். அதுவும் யாக்கோபின் வழியிலிருந்து வளர்ந்ததுதான். யோகான் அப்போது உயிரோடு இருந்தார், வயது 76.