அதியமான்: ஒரு பெயர், பல ஆட்கள்

நாமக்கல் மலையின் கீழ்ப்புறத்தில் அரங்கநாதர் பள்ளிகொண்ட குடைவரை இருக்கிறது. அங்குள்ள கிரந்தக் கல்வெட்டு அதற்குத் தரும் பெயர் 'அதியேந்திர விஷ்ணுகிருகம்'. எட்டாம் நூற்றாண்டில் அதைக் குடைவித்தவன் அதியர் குலத்தான். ஔவைக்கு நெல்லிக்கனி தந்த தகடூர் அதியமான் அவனுக்குப் பல நூற்றாண்டு மூத்தவன். இருவருக்கும் ஒரே பெயர் எப்படிப் பொருந்துகிறது?

சொல்லைப் பிரித்தால் அதியன், மகன் என இரண்டு. மகன் 'மான்' எனக் குறுகும். சேரமான், மலையமான் எல்லாம் அப்படி வந்தவையே. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகரின் இரண்டாம் பாறைக் கட்டளை சோழர், பாண்டியரோடு 'சதியபுத' மரபையும் சொல்கிறது. புத என்றால் புத்திரன், மகன். சொல் முதற்சகரம் தமிழில் உதிர்வது உண்டு. சிப்பி இப்பியாயிற்று, சமணர் அமணராயினர். அப்படியானால் சதியபுதனும் அதியமகனும் ஒருவரே என்று அறிஞர்கள் கருதினார்கள். 1981இல் திருக்கோவிலூர்ப் பக்கம் ஜம்பையில் கிடைத்த தமிழ்பிராமிக் கல்வெட்டு அதை உறுதியாக்கியது. 'ஸதியபுதோ' என்ற பட்டமும் அதியன் நெடுமான் அஞ்சி என்ற பெயரும் அதில் அடுத்தடுத்து நிற்கின்றன. அவன் பாளி, அதாவது துறவியர் தங்கும் குகை, ஈந்த செய்தி அது.

பெயருக்குள்ளேயே 'மகன்' இருப்பதால், முன்னவன் ஒருவனைச் சுட்டாமல் அதைச் சொல்லவே முடியாது. தனிமனிதரைப் பற்றிய பழைய கேள்வியும் இங்கேதான் வருகிறது: நேற்றிருந்தவனும் இன்றிருப்பவனும் ஒரே ஆள்தானா? முதற்சாமச் சுடரும் கடைச்சாமச் சுடரும் ஒன்றுமல்ல, வேறுமல்ல என்றார்கள் பௌத்தர்கள். 1694இல் ஆங்கிலேயர் ஜான் லாக், முன் செய்ததை என் செயல் என்று உணரும் நினைவே ஒருவனை அதே ஆளாக்குகிறது என்றார்.

போளூருக்கு அருகே திருமலையில் உள்ள சமணக் கல்வெட்டு இதற்கு நம் நாட்டு விடை தருகிறது. மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில் தகடூரை ஆண்டவன் விடுகாதழகிய பெருமாள். தன் குலத்து முன்னோன் எழினி செய்துவைத்த இயக்கன், இயக்கி சிலைகள் பழுதுபட்டிருக்கக் கண்டு செப்பனிட்டான், எறிமணி கொடுத்தான், நீர்க்காலும் வெட்டுவித்தான். எழினியின் நினைவு அவனுக்குள் இருக்க வழியில்லை. ஆனாலும் எழினி செய்ததைத் தன் கடனாக ஏற்றான்.

தனிமனிதர் விஷயத்திலும் இதுவே என் முடிவு. உடல் மாறும், நினைவு மங்கும், பெயர்கூடத் திரியும். இளமையில் தான் கொடுத்த வாக்கையும் செய்த தீங்கையும் முதுமையில் தன்னுடையவை என்று ஏற்று நிற்பவனே அதே ஆள்.